ஒன்பது லட்ச வண்டி, ஐம்பது லட்ச உதிரிபாகம்

பழைய சொகுசு எஸ்யூவி பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். பதில்களில் உள்ள தொகைகள் தோராயமானவை. கோவை, மதுரையில் இந்த வண்டிகளில் கை பழகிய வெளி ஒர்க்‌ஷாப்களை மனதில் வைத்துச் சொல்கிறோம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒன்றரை மடங்கு, சில பாகங்களுக்கு இரண்டு மடங்குகூட ஆகலாம். எங்கே கொடுத்தாலும் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): 2013 மாடல் டீசல் வண்டி ஒன்று 9 லட்சத்துக்கு வருகிறது. ஓட்டம் 95,000 கி.மீ. பி.எம்.டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5 இரண்டில் ஒன்றை எடுக்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? வாங்கிய பிறகு எவ்வளவு செலவு வரும்?

பதில்: வண்டியின் விலைதான் 9 லட்சத்துக்கு இறங்கியிருக்கிறது, உதிரிபாக விலை இறங்கவில்லை. புதிதில் 50 லட்சத்தை ஒட்டி விற்ற வண்டிக்கு என்ன விலையில் பாகம் வருமோ அதே விலையில்தான் இன்றும் வரும். உங்கள் கையில் மொத்தமே 9 லட்சம்தான் என்றால் இந்த வண்டி வேண்டாம். முதல் ஆண்டுக்கு மட்டும் இரண்டரை முதல் மூன்று லட்சம் தனியாக ஒதுக்க முடிந்தால் மேற்கொண்டு பேசலாம்.

காலையில் போய்ப் பாருங்கள். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முந்தின நாளே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். பழைய எக்ஸ்1, எக்ஸ்3-ல் உள்ள என்47 என்னும் 2.0 லிட்டர் டீசல் எஞ்சினில், வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினோ அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடோ தேய்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டு பக்கமிருந்து கரகரவென்று உலோகம் உரசும் சத்தம் வரும். 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றினாலும் கேட்கும். செயின் கிட் 25,000 முதல் 40,000 ரூபாய். ஆனால் அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றியாக வேண்டும் என்பதால் மொத்தம் ஒன்றேகால் முதல் இரண்டு லட்சம் வரை போகும். சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்து செயின் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் இடித்துவிடும். அதன்பிறகு எஞ்சினையே மாற்றும் கணக்குதான்.

க்யூ5-ல் கவலை கியர்பாக்ஸ். அதன் 7 ஸ்பீடு டூயல் கிளட்ச் பெட்டிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் போட்டதும் ஒரு நொடி தாமதித்து ‘டக்’கென்று பிடித்தாலோ, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறினாலோ மெகட்ரானிக்ஸ் என்னும் கட்டுப்பாட்டுப் பகுதியையோ கிளட்சையோ சந்தேகிக்கலாம். மெகட்ரானிக்ஸ் மட்டும் ஒன்றரை முதல் மூன்று லட்சம்.

எக்ஸ்3-ன் 8 ஸ்பீடு இசட்.எஃப். கியர்பாக்ஸ் உறுதியானது. ‘ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்’ என்று சொல்வதைக் கேட்காதீர்கள். கியர்பாக்ஸ் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. மலையில் ஓடும் வண்டிக்கு 80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர், அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் சம்ப்போடு சேர்ந்தே வரும், சம்ப்பையே மாற்ற வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அளவு பார்க்க முடியும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். 40,000 முதல் 60,000 ரூபாய் ஆகும்.

மீட்டரில் காட்டும் 95,000-ஐ நம்பி விலை பேச வேண்டாம். மீட்டரைத் திருத்துகிறவர்கள் பல நேரம் மற்ற கன்ட்ரோல் யூனிட்களில் (வண்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள்) பதிவாகியிருக்கும் கி.மீ.யைத் தொடுவதில்லை. ஸ்கேனரில் ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிடச் சொல்லுங்கள். கடைசியாக, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை வண்டியை ஏற்றிப் பாருங்கள். ஊருக்குள் பத்து நிமிடம் ஓட்டினால் தெரியாத, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் ஹோஸ் கசிவும் கூலன்ட் வாசனையும் அந்த ஏற்றத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி (உதகை): ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை) உள்ள 2014 மாடல் வண்டி. இரவு நிறுத்தினால் காலையில் நான்கு பக்கமும் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் மெதுவாக எழுகிறது. கம்ப்ரஸர் போய்விட்டது, 90,000 ரூபாய் என்கிறார்கள்.

பதில்: எழுகிறது என்றால் பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் இன்னும் உயிரோடு இருக்கிறது. காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் புதுக் கம்ப்ரஸர் போட்டால் அதுவும் ஓராண்டுக்குள் எரிந்துபோக வாய்ப்பு அதிகம். எங்கோ கசிகிறது, அதை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுகிறது, சூடேறி நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. கம்ப்ரஸர் சாவது இப்படித்தான்.

உதகையில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் எல்லாப் பக்கமும் சமமாக ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்குவது இயல்பு. குளிரில் காற்று சுருங்கும். தரையோடு உட்காருவது இயல்பல்ல. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லேண்ட் ரோவர் டிஸ்கவரி போன்ற சில வண்டிகள் நிறுத்தியிருக்கும்போதே அவ்வப்போது விழித்து, எந்த மூலை இறங்கியிருக்கிறதோ அந்த அளவுக்கு மற்ற மூன்றையும் இறக்கிச் சமன் செய்யும். அதனால் ஒரு பையில் கசிந்தாலும் நான்கும் போனதுபோலத் தெரியும்.

சோதனை இப்படி. சமதரையில் நிறுத்துங்கள். நம் ஊரில் வீட்டு வாசலில் அது கிடைப்பது கஷ்டம்தான், பெட்ரோல் பங்க் அல்லது மார்க்கெட் தரை தேடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். ஏர் சஸ்பென்ஷனுக்கான ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, காலையில் மறுபடி அளந்து பாருங்கள். எந்த மூலை மட்டும் இறங்கியிருக்கிறதோ கசிவு அங்கே. முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால், பைகளுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கையும் பாருங்கள்.

பிறகு ஃப்யூஸைப் போட்டு, வண்டியை உயர நிலைக்கு ஏற்றி, எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு பங்கு பாத்திரம் தேய்க்கும் சோப்பு திரவத்தோடு பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ரப்பர் பை உள்நோக்கி மடியும் இடத்தில் ஸ்ப்ரே செய்யுங்கள். உயர நிலையில்தான் அந்த மடிப்பு வெளியே தெரியும். வெடிப்பு இருந்தால் நுரை பொங்கும். காற்றுக் குழாய் நுழையும் இணைப்பிலும் அடியுங்கள், அங்கே கசிந்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் தடித்த இரும்பு ஸ்டாண்டில் பாடியைத் தாங்கவைக்காமல் வண்டிக்கு அடியில் தலையைக்கூட நுழைக்காதீர்கள். காற்று போனால் வண்டி உங்கள்மேல் உட்காரும்.

கம்பெனி ஏர் ஸ்ட்ரட் (காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) ஒன்று 60,000 முதல் ஒன்றரை லட்சம் வரை. பை மட்டும் மாற்றிப் புதுப்பித்ததோ தரமான வெளி பிராண்டோ 25,000 முதல் 50,000. ஒரு பக்கம் வயதில் வெடித்திருந்தால் அதே ஆக்சிலின் மறுபக்கமும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கம்ப்ரஸரும் மாற்ற நேர்ந்தால் அதன் ரிலேயையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் வரும் ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரியும். கம்ப்ரஸரோடு ஈரத்தை உறிஞ்சும் டிரையர் மணிகளும் இருக்கின்றன. மூடுபனி ஊரில் அவை சீக்கிரம் ஊறிப் பொடியாகி வால்வு பிளாக்கை அடைக்கும். கம்ப்ரஸர் சரியாகவே இருந்தாலும் ஒருமுறை அந்த மணிகளை மாற்றுவது நல்லது.

கேள்வி (கொடைக்கானல்): பிள்ளைகளைப் பள்ளியில் விட, மார்க்கெட் போக, ஒரு நாளைக்கு நான்கைந்து கி.மீ. ஓடும் டீசல் எஸ்யூவி. டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது. புதிது போட மூன்று லட்சம் என்றும், கழற்றி எறிந்துவிட்டால் 30,000-ல் முடியும் என்றும் இரண்டு பேர் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டுமே வேண்டாம். கழற்றுவது மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு எதிரானது. வண்டிக்குப் பின்னால் நடந்து வருகிற பள்ளிப் பிள்ளைகளின் மூச்சில் போய்ச் சேர்வதும் அந்தப் புகைதான்.

டி.பி.எஃப். என்பது புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கித் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு எஞ்சின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், டேங்கில் கால்வாசிக்கு மேல் டீசல் இருக்க வேண்டும், பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நான்கு கி.மீ. ஓட்டத்தில் எரிப்பு தொடங்குவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். எரிப்புக்காகக் கூடுதலாக அனுப்பிய டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால் முதலில் ஆயிலை மாற்றுங்கள். நீர்த்த ஆயில் டர்போவையும் பேரிங்கையும் தின்றுவிடும்.

வாரத்துக்கு ஒருமுறை வத்தலக்குண்டு வரை இறங்கி ஏறுங்கள். இறங்கும்போது எரிப்பு நடக்காது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்த வண்டியில் எஞ்சினுக்கு டீசல் போவதில்லை, சைலன்ஸர் குளிர்ந்துவிடும். கீழே சமதரையில் 60 கி.மீ. வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, ஏறும்போது மேனுவல் மோடில் வைத்து 2,000 ஆர்.பி.எம்.க்குக் குறையாமல் ஏற்றுங்கள். அந்தச் சுமையில் வரும் சூடு கரிக்கு நல்ல மருந்து.

அப்படியும் ஒரு மாதத்துக்குள் விளக்கு வந்தால் கரி அதிகமாக உற்பத்தியாகிறது என்று பொருள். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிடக் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கும். டர்போ அதை ஈடுகட்டுகிறது. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தால் மதுரையில் தெரியாதது கொடைக்கானலில் கரும்புகையாக வரும். அந்த ஹோஸ், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் திருத்த அளவு, டி.பி.எஃப். அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு சின்ன ரப்பர் குழாய்கள் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் வெடித்து, நல்ல வடிகட்டியை அடைப்பு என்று காட்டுவதும் உண்டு.

கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் வருவது எஞ்சின் ஆயிலிலிருந்து. அதனால் குறைந்த சாம்பல் தரும் ஆயிலை, உங்கள் வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் தர எண் டப்பாவில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாம்பலே நிறைந்திருந்தால் வெளியே கழற்றிச் சுத்தம் செய்ய 12,000 முதல் 25,000 ரூபாய். உண்மையைச் சொன்னால், ஓட்டம் இவ்வளவுதான் என்கிறபோது உங்களுக்கு ஏற்றது பெட்ரோல் வண்டி.

கேள்வி (குன்னூர்): மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியாறு தாண்டியதும் பிரேக்கில் ஸ்டீயரிங் உதறுகிறது. ஹில் டிசென்ட் பட்டனைப் போட்டுத்தான் இறங்குகிறேன். ஏன் இப்படி?

பதில்: அந்தப் பட்டன்தான் காரணமாக இருக்கலாம். ஹில் டிசென்ட், எஞ்சினை வைத்து வண்டியைப் பிடிப்பதில்லை, ஏ.பி.எஸ். பம்ப் வழியாகப் பிரேக்கையே அழுத்துகிறது. எஸ்டேட் மண் பாதையில் நூறு மீட்டர் செங்குத்தாக இறங்க அது அருமையான வசதி. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதை முழுக்க அதிலேயே இறங்கினால் இரண்டு டன் வண்டியின் சூடு முழுவதும் டிஸ்க்கில் இறங்கும். மேனுவல் மோடில் இரண்டு, மூன்றாவது கியரில் இறங்குங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்கு என்ற பழைய பஸ் டிரைவர்களின் கணக்கு எட்டு ஸ்பீடு ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்.

கொதிக்கும் பிரேக்கோடு டீக்கடையில் நிறுத்தி, பெடலை அழுத்தியபடியே இருந்தால் பேட் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் படிந்துவிடும். பல நேரம் உதறலுக்குக் காரணம் டிஸ்க் வளைவது அல்ல, இந்தப் படிவுதான். நிறுத்தும் முன் ஒரு கி.மீ. பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா என்று முடிவு செய்ய, டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் முன்பக்க டிஸ்க் இரண்டும் பேட் செட்டும் 35,000 முதல் 60,000. பேட் தேய்மான சென்சர் தனி, 1,500 ரூபாயை ஒட்டி. பின் பேட் மாற்றும்போது எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போட்ட பிறகே பிஸ்டனைத் தள்ள வேண்டும். கிளாம்ப் வைத்து நெருக்கினால் மோட்டார் உடையும்.

பிரேக் ஃப்ளூயிட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? டாட் 4 ஃப்ளூயிட் புதிதில் குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 155 டிகிரிக்கே இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரைக்குப் போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 3,000 முதல் 5,000 ரூபாய். மலையில் இருக்கிறவர் தள்ளிப்போடவே கூடாத செலவு இது.

கேள்வி (கூடலூர்): ஜூலை மழையில் முன்சீட்டு கார்ப்பெட் ஊறிக்கிடக்கிறது. கூடவே கண்ணாடி தானாக இறங்குகிறது, ஏதேதோ எச்சரிக்கை வருகிறது. கண்ணாடி ஓர ரப்பரை மாற்றியும் நிற்கவில்லை.

பதில்: சன்ரூஃப் வடிகால் அடைத்திருக்கும். சன்ரூஃப் தண்ணீரைத் தடுப்பதில்லை, சுற்றியுள்ள தொட்டியில் வாங்கி நான்கு மூலைக் குழாய் வழியாகக் கீழே விடுகிறது. சில்வர் ஓக், யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் இலைத்தூளும் பாசியும் அந்தக் குழாயை ஒரே மழைக்காலத்தில் அடைத்துவிடும்.

சன்ரூஃபைத் திறந்து, மூலையில் உள்ள துளையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் சக்கரத்துக்குப் பின்னாலோ கதவு இடுக்கிலோ ஒழுக வேண்டும். ஒழுகவில்லை என்றால் புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் தடித்த நைலான் நரம்பைச் செலுத்தி, முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். காற்று கம்ப்ரஸரால் ஊதாதீர்கள், உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் கூரை லைனிங்கை இறக்க வேண்டிவரும். விண்ட்ஷீல்டுக்குக் கீழே, வைப்பர் பகுதியில் உள்ள வடிகாலையும் இலை நீக்கிச் சுத்தம் செய்யுங்கள்.

கார்ப்பெட்டை மேலே துடைத்தால் போதாது. அடியில் தடித்த ஃபோம் இருக்கிறது, வாளிக் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பல வண்டிகளில் சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும்தான் கன்ட்ரோல் யூனிட்களும் ஒயர் இணைப்புகளும் போகின்றன. பேட்டரி இணைப்பைக் கழற்றி, சீட்டை எடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கி, ஹீட்டர் வைத்து இரண்டு மூன்று நாள் உலர்த்த வேண்டும். இந்த வேலைக்கு 8,000 முதல் 15,000. விட்டுவிட்டால் ஒரு யூனிட் 40,000-ல் தொடங்கும், அதைக் கோடிங் செய்ய மேற்கொண்டு ஆகும்.

கேள்வி (பெருமாள்மலை): எக்ஸ்-டிரைவ் (பி.எம்.டபிள்யூவின் நான்கு சக்கர ஓட்டம்) வண்டி. முன் டயர் இரண்டு மட்டும் தேய்ந்திருக்கிறது. இரண்டை மட்டும் மாற்றலாமா?

பதில்: பின் டயரும் ஏறக்குறைய புதிதாக இருந்தால் மட்டும். நான்கு சக்கர ஓட்டத்தில் முன்னும் பின்னும் டயர் சுற்றளவு வேறுபட்டால், வளைவில் திரும்புவதாக நினைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். மெதுவாக வளைக்கும்போது உதறல் அதன் அடையாளம். நான்கும் ஒரே பிராண்டு, ஒரே பேட்டர்ன், பள்ளத்தின் ஆழ வித்தியாசம் இரண்டு மூன்று மி.மீ.க்குள். 18 இன்ச் ரன்-ஃபிளாட் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) ஒன்று 18,000 முதல் 30,000. நான்கு டயருக்கான பணம் அதிகமாகத் தோன்றலாம், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. அதன் ஆயில் ஒரு லிட்டர்கூட இல்லை, 60,000 கி.மீ.யில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (உதகை): வி6 டீசல் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் சொட்டுகிறது. பின் ஆயில் சீல் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள்.

பதில்: இறக்குவதற்கு முன் மேலே பார்க்கச் சொல்லுங்கள். மெர்சிடிஸின் ஓஎம்642 எஞ்சினில் (எம்.எல். 350, ஜி.எல். 350 டீசல்களில் வருவது) ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் ரப்பர் சீல் சூட்டில் கெட்டிப்பட்டுக் கசிந்தால் ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, பின் சீல் போனதுபோலவே சொட்டும். சீல் இரண்டும் சேர்ந்து சில ஆயிரம்தான். மேலே உள்ள டர்போ, இன்டேக் எல்லாம் கழற்ற வேண்டியிருப்பதால் கூலியோடு 50,000 முதல் 90,000. பழைய ஆரஞ்சு நிறச் சீல் வேண்டாம், பின்னால் வந்த ஊதா நிறச் சீலைக் கேட்டுப் போடுங்கள். அவ்வளவும் கழற்றியிருக்கும்போதே இன்டேக்கில் படிந்த கரியையும் சுரண்டி எடுத்துவிடச் சொல்லுங்கள், இரண்டாம் முறை அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (பழனி): டெல்லிப் பதிவு டீசல் சொகுசு வண்டிகள் பாதி விலைக்கு வருகின்றனவே?

பதில்: அங்கே பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் விலை குறைகிறது. வண்டி மோசம் என்று பொருளில்லை. ஆனால் என்.ஓ.சி. (அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணையில்லாச் சான்று) கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய ஆகும் வரியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, விலையோடு கூட்டிப் பாருங்கள். நெரிசலிலேயே ஓடிய வண்டி என்பதால் கி.மீ. குறைவாகவும் எஞ்சின் ஓடிய மணி அதிகமாகவும் இருக்கும். டி.பி.எஃப்., இ.ஜி.ஆர்., கியர்பாக்ஸ் ஆயில் மூன்றையும் முதல் நாளே பார்த்தாக வேண்டும். மலைக்கு ஓட்டிக்கொண்டு வருவதற்கு முன் பிரேக் ஃப்ளூயிட்டை மாற்றிவிடுங்கள்.